முற்றத்தில் பாபிகியூ போட முன்னர்: அரைப் பரல், தணல், சாம்பல்

தங்கச்சி, உங்கள் கேள்வி நீளம் என்றாலும் சாரம் இதுதானே: ஓகஸ்டில் கனடாவிலிருந்து பிள்ளைகளோடு கிளிநொச்சி அம்மா வீட்டுக்கு வருகிறீர்கள், முற்றத்தில் சொந்தக்காரர் 30 பேருக்கு பாபிகியூ போட ஆசை, அங்கே வைத்திருக்கிற காஸ் கிறிலைச் சாமானோடு அனுப்புவதா, இங்கே அரைப் பரலில் (பாதியாகப் பிளந்த இரும்புப் பீப்பாயில்) ஒன்று செய்விப்பதா, நீங்கள் திரும்பிப் போன பிறகு அம்மா அதை எப்படி வைத்திருப்பா. நான் பரந்தனில் வெல்டிங் கடை வைத்திருக்கிறேன். பரல் அடுப்பு அடித்துக் கொடுப்பதோடு, பிறந்தநாள், பழைய மாணவர் ஒன்றுகூடல் என்று யாராவது கேட்டால் போய் நின்று சுட்டும் கொடுப்பேன். அதனால் கையில் இரண்டு விதத் தழும்பும் இருக்கிறது, வெல்டிங் தழும்பும் கொழுப்புத் தெறித்த தழும்பும்.

சுருக்கமாகச் சொன்னால் காஸ் கிறிலை அனுப்பாதீர்கள், அரைப் பரல் காணும். ஆனால் நீங்கள் பிள்ளைகளோடு வருவதால் விரிவாகவே எழுதுகிறேன், அது பரலில் தொடங்காது. இத்தனை வருஷத்தில் நெருப்பு கொழுந்துவிட்டு எரியும்போது ஆருக்கும் பெரிதாக ஒன்றும் நடந்து நான் பார்க்கவில்லை. அப்போது எல்லோருக்கும் பயம் இருக்கும், தாய்மார் பிள்ளைகளை இழுத்துப் பிடித்து வைத்திருப்பார்கள். நான் பார்த்ததெல்லாம் மூட்ட முன்னர் யோசிக்காமல் விட்டதால் வந்தது, இல்லையென்றால் "நூர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று எல்லோரும் எழும்பிப் போன பிறகு நடந்தது.

முதலில் நிலம். கனடாவில் கிறிலை எங்கே வைப்பது என்றால் நிழலையும் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தையும் பார்ப்பீர்கள். இங்கே அதற்கு முன்னம் இன்னொன்று பார்க்க வேண்டும், யுத்தத்தில் புதைந்து கிடக்கும் வெடிபொருள். இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் சேர்ந்தது, 2028 ஜூனுக்குள் எல்லாவற்றையும் அகற்றி முடிக்க வேண்டும் என்பது அதன்படி வரும் கெடு. அப்படியென்றால் வேலை எவ்வளவு நீளமானது என்று விளங்கும். அம்மா வருஷக்கணக்காகக் கூட்டிப் பெருக்கும் முன்முற்றத்தில் பயமில்லை. பயம் வளவின் பின்பக்கம், பற்றை வெட்டாத மூலை, பழைய பங்கரை மூடின இடம், மழைக்கு மண் அரித்துப் போன கரை. மிதிவெடி அகற்றினார்கள் என்பதற்காக ஆழத்தில் கிடக்கும் செல்லும் (பீரங்கிக் குண்டும்) போய்விட்டது என்று நினைக்கக் கூடாது. அதை ஆரும் மிதிக்கத் தேவையில்லை, மேலே நெருப்பு எரிந்து சூடு கீழே இறங்கினால் காணும். குப்பை கொளுத்தப் போய்க் காயப்பட்ட செய்தி கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஒருமுறை இரண்டுமுறை வந்ததல்ல. ஆகவே கிடங்கு வெட்டி, மூன்று கல் வைத்து, "பழைய காலத்து முறையில்" சுடுவோம் என்று மச்சான்மார் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கால் வைத்த அடுப்பு, நிலத்துக்கும் தணலுக்கும் இடையில் இரண்டு அடியாவது காற்று, புழங்கின முற்றம். மண்ணுக்குள்ளிருந்து வந்த எந்த இரும்பையும், வடிவாக வளைந்திருக்கிறது, கம்பி தாங்க நல்லது என்று எடுத்து வைக்காதீர்கள். கண்டால் தொடாமல், பிள்ளைகளை விலக்கி, கிராம சேவகரிடமோ 119க்கோ சொல்லுங்கள்.

அடுத்தது காற்று. ஓகஸ்ட் என்றால் சோளகம் வீசும் காலம், மழை கண்டு மாதங்களாகியிருக்கும், புல்லெல்லாம் பொரிந்து போய்க் கிடக்கும். பகலில் புழுதியை வாரி முகத்தில் அடிக்கும் காற்று பொழுதுபடத்தான் அடங்கும். அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு பாபிகியூ என்ற யோசனையை விடுங்கள், பின்னேரம் ஆறு மணிக்கு மூட்டினால் ஏழரைக்குச் சாப்பிடலாம். அடுப்பிலிருந்து கல்வீட்டுச் சுவர் 10 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். கிடுகு வேலி, ஓலைக் குசினி, வைக்கல் போர், விறகு அடுக்கின இடம் என்றால் அந்தக் கணக்கு போதாது, 30 அடிக்கு மேல் போங்கள். அதோடு காற்று போகும் பக்கத்தில் அவை இருக்கவே கூடாது. காய்ந்த கிடுகில் பொறி விழுந்தால் அதை அணைக்க நீங்கள் வாளி தேடும் நேரத்தில் வேலி முழுக்கப் போய்விடும். 2016 செப்டம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்த இரவு ஊரில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. நகரத்து நடுவில் அப்படியென்றால், உள் ஒழுங்கைக்குத் தீயணைப்பு வண்டி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு பிழை என்று யோசியுங்கள். மூட்ட முன்னர் இரண்டு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், நனைத்த சணல் சாக்கு ஒன்று. சாக்கைத்தான் நான் அதிகம் பாவித்திருக்கிறேன்.

மரநிழலும் பார்க்க வேண்டும். மாமரத்துக்குக் கீழே வைப்பதில் இலை கருகுவது சின்ன விஷயம். மேலே தேன்கூடோ குளவிக்கூடோ இருந்தால் புகை ஏறினதும் அவை கீழே வரும். பாலை, வீரை மாதிரிப் பெரிய மரம் என்றால் பகலில் ஒருமுறை அண்ணாந்து வடிவாகப் பாருங்கள். இருட்டில் டோர்ச் அடித்துப் பார்ப்பது இன்னும் மோசம்.

சரி, பரலுக்கு வருவோம். அரைப் பரல் என்பது 200 லீற்றர் இரும்புப் பரலை நீளவாக்கில் பிளந்து, கால் வைத்து, பக்கங்களில் காற்றுத் துளை போட்டு, மேலே கம்பித்தட்டு வைப்பது. வேலை சின்னது, கேள்வி பெரியது: அந்தப் பரலில் முன்னம் என்ன இருந்தது? தேங்காயெண்ணெய் இருந்தது என்றால் திறம். ரோட்டு வேலைக்கு வந்த தார்ப் பரல் இங்கே மலிவாகக் கிடைக்கும், அதை வாங்காதீர்கள். எவ்வளவு எரித்தாலும் மூலை மடிப்புக்குள் தார் நின்று, சூடேறும்போது வடிந்து புகையும். கிருமிநாசினிப் பரல், பெயின்ற் பரல், என்ன இருந்தது என்று விற்கிறவருக்கே தெரியாத பரல், மூன்றும் வேண்டாம். அப்புறம் ஒரு விஷயம், இது என்னுடைய தொழில் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: வெறும் பரலை வீட்டில் கிரைண்டரால் வெட்டப் பார்க்காதீர்கள். பெற்றோலோ டீசலோ தின்னரோ இருந்த பரல் காலியாக இருக்கும்போதுதான் கூடுதல் ஆபத்து, உள்ளே ஆவி நிறைந்திருக்கும், கிரைண்டர் பொறி ஒன்று பட்டால் மூடி பறக்கும். கடையில் நாங்கள் கழுவி, தண்ணீர் நிரப்பி, வெட்டும் கோட்டுக்குக் கிட்ட மட்டும்தான் வெற்றிடம் விட்டு வெட்டுவோம். வெட்டின பரலை நீங்கள் வாங்கினாலும் முதல் நாளே இறைச்சி போடாதீர்கள். நல்ல விறகு போட்டு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெறுமனே எரித்து, உட்பக்கப் பெயின்ற் உரிந்து, புகை நின்ற பிறகு கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, மறுநாள் சமையுங்கள்.

கம்பித்தட்டில்தான் ஆட்கள் கஞ்சத்தனம் காட்டுவது. பரலுக்குக் காசு கொடுத்துவிட்டு, மேலே கோழிக்கூட்டு வலையைக் கட்டிவிடுவார்கள். அந்தப் பளபளப்பு நாகப் பூச்சு, அதாவது துத்தநாகம். நாகம் 419 பாகை செல்சியஸில் உருகும், செந்தணல் அதைவிட எவ்வளவோ சூடு. வெள்ளையாகத் தூள் மாதிரிப் படிவதையும், சில நேரம் மஞ்சள் புகை வருவதையும் பார்க்கலாம். அந்தப் புகையைக் குடித்தால் அன்றிரவு காய்ச்சல், குளிர், நெஞ்சடைப்பு மாதிரி வரும். வெல்டிங் செய்கிறவர்கள் எல்லோருக்கும் ஒருதரம் வந்திருக்கும், எனக்கும் வந்தது. பழைய பிறிட்ஜுக்குள் இருந்த கம்பித்தட்டு இன்னும் மோசம், சிலவற்றுக்கு கட்மியம் பூசியிருப்பார்கள், அது நஞ்சு. மேசை விசிறியின் கூடு பெயின்ற் அடித்தது. இவை ஒன்றும் வேண்டாம். பூச்சில்லாத 6 மில்லிமீற்றர் கம்பியில் அடித்த தட்டு, காசிருந்தால் ஸ்ரெயின்லெஸ். கம்பிக்குக் கம்பி இடைவெளி ஒரு விரல் மொத்தம், இல்லையென்றால் இறால் எல்லாம் தணலுக்குத்தான் சாப்பாடு.

கரி. சிரட்டைக் கரி கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை, சூடு சீராக நிற்கும், புகை குறைவு. விறகுக் கரியும் பரவாயில்லை. என் அனுபவத்தில் ஒரு கிலோ இறைச்சிக்கு ஒரு கிலோ கரி என்று வைத்தால் குறையாது, உங்கள் 30 பேருக்கு 10 கிலோ வாங்குங்கள். பழைய கதவு, ஜன்னல், பெயின்ற் அடித்த பலகை, பிளைவூட் எதுவும் அடுப்புக்குள் போகக் கூடாது. அலரி முழுக்க நஞ்சு என்று அம்மாவுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள் நேராக இருக்கிறதே என்று அந்தக் கம்பை முறித்து இறைச்சி குத்தலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் போனால் தில்லை விறகும் அப்படித்தான், அதன் பாலும் புகையும் கண்ணுக்குக் கூடாது.

மூட்டுவது. பெற்றோல் ஒரு சொட்டும் வேண்டாம், வெயில் காலத்தில் அதன் ஆவி நிலத்தோடு நிலமாகப் பரவி, நீங்கள் தீக்குச்சி கிழித்த இடத்திலிருந்து போத்தலுக்கே திரும்பி வரும். மண்ணெண்ணெய் அவ்வளவு பொல்லாததல்ல, ஆனால் மூட்டின தணலில் "பிடிக்கவில்லை, இன்னும் கொஞ்சம்" என்று ஊற்றுவதுதான் முகம் எரிகிற விதம், அதோடு இறைச்சியும் மண்ணெண்ணெய் மணக்கும். அதற்கு அவசியமே இல்லை. பெரிய பால்மா ரின் ஒன்றை எடுத்து, அடியிலும் அடிக்குக் கிட்டச் சுற்றிவரவும் ஆணியால் நிறையத் துளை போடுங்கள். அடியில் பன்னாடையையும் கசக்கின பேப்பரையும் வைத்து, மேலே கரியை நிரப்பி, இரண்டு கல்லுக்கு மேல் நிறுத்தி, கீழிருந்து கொளுத்துங்கள். ஊமல் இரண்டு மூன்று போட்டால் இன்னும் நல்லாகப் பிடிக்கும். 20 நிமிஷத்தில் மேல்கரி விளிம்பில் சாம்பல் பூக்கும், அப்போது குறட்டால் பிடித்துப் பரலுக்குள் கவிழுங்கள். அந்த இரண்டு கல்லும் காய்ந்த கல்லாக இருக்கட்டும். குளத்தங்கரையில் பொறுக்கின கல்லுக்குள் ஈரம் இருக்கும், சூட்டில் நீராவியாகி வெடித்துச் சிதறும்.

தணலைப் பரல் முழுக்கப் பரப்பாதீர்கள். ஒரு பக்கம் குவியுங்கள், மற்றப் பக்கம் வெறுமையாக இருக்கட்டும். சூட்டுப் பக்கத்தில் நிறம் பிடிக்க வைத்து, வெறும் பக்கத்துக்கு நகர்த்தி உள்ளே வேக விடலாம். கொழுப்பு வடிந்து சுவாலை கிளம்பினாலும் இறைச்சியைத் தள்ளி வைக்க ஒரு இடம் இருக்கும். சுவாலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது, அதை விடச் சொல்லுங்கள். சாம்பலும் நீராவியும் சுடுகொழுப்பும் சேர்ந்து எழும்பி முன்னால் நிற்கிறவரின் முகத்துக்குத்தான் வரும். இறைச்சியை நகர்த்துங்கள், அடங்கவில்லையென்றால் தகரத்தால் மூடுங்கள், காற்றில்லாமல் தானே நூரும். சூடு பார்க்க உள்ளங்கையைக் கம்பித்தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் பிடியுங்கள். இரண்டு மூன்று எண்ணும் முன் கையை இழுத்தால் கடும் சூடு, ஐந்து வரை தாங்கினால் கோழிக்குச் சரி.

உடுப்பைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். நைலோன் சால்வை, தொங்குகிற துப்பட்டா, தளர்ந்த நைற்றி, அவிழப் பார்க்கிற சாரம். நைலோன் எரிவதோடு உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடுத்தி, முடியைக் கட்டி, செருப்பில்லாமல் ஒருவரும் கிட்ட வராமல், ஒரு கயிறு கட்டி மூன்று அடிக்குள் பிள்ளைகள் வரக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அடுப்புக்குப் பொறுப்பாக நிற்கிறவர் அன்றைக்கு மட்டும் போத்தலைத் தொடாத ஆளாக இருக்கட்டும். எந்த மாமாவை விடலாம் என்று உங்களுக்குத் தெரியும்.

இறைச்சி விஷயத்தில் கனடாப் பழக்கத்தை அப்படியே கொண்டு வாருங்கள், இங்கே அது இன்னும் கூடத் தேவை. மசாலா பூசின கோழியை "ஊறட்டும்" என்று காலை முழுக்கக் குசினி மேசையில் மூடி வைப்பது எங்கள் வீடுகளில் சாதாரணம். 32 பாகைக்கு மேல் சூடென்றால் பச்சை இறைச்சி வெளியே ஒரு மணித்தியாலம்தான் தாங்கும், ஓகஸ்டில் கிளிநொச்சிப் பகல் எப்போதும் அதற்கு மேல். பிறிட்ஜில் ஊற வையுங்கள். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்றும் யோசித்து ஐஸ் பெட்டி ஒன்று ஒழுங்கு பண்ணுங்கள், 30 பேருக்கான இறைச்சி எப்படியும் அம்மாவின் பிறிட்ஜுக்குள் கொள்ளாது. கோழி உள்ளே 74 பாகை, அரைத்த இறைச்சி 71, மீன் 63. வரும்போது குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்றைக் கைப்பையில் கொண்டு வாருங்கள், கிறிலைவிட அதுதான் இங்கே உதவும் சாமான். புறொயிலர் கோழி வெளியே கருகி எலும்போடு சிவப்பாக இருக்கும், ஊர்க்கோழி மறுபக்கம், வெந்தாலும் றபர். ஊர்க்கோழி வேண்டுமென்றால் முதலில் அரைவாசி அவித்து, உடனேயே தணலுக்குக் கொண்டுபோங்கள். நேற்று அரைவாசி அவித்து வைத்து இன்று சுடுவது கூடாது. பச்சை இறைச்சி வந்த தட்டில் சுட்ட இறைச்சியை வைக்காதீர்கள், ஊறின மசாலாவை மேலே தடவ வேண்டுமென்றால் கொதிக்க வைத்துத் தடவுங்கள்.

மீன் என்றால் முல்லைத்தீவிலிருந்து விடிய வந்த பாரையோ விளைமீனோ வாங்கி ஐஸில் போட்டுக் கொண்டு வாருங்கள். சூரையில் கவனம்; வெயிலில் கிடந்த சூரையில் உண்டாகும் ஹிஸ்ரமின் என்ன சுட்டாலும் அழியாது, சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து தலை இடிக்கும். நந்திக்கடல் இறால் கிடைத்தால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், ஒரு பக்கம் இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். யாராவது "மரை இறைச்சி இருக்கிறது" என்று காதுக்குள் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், மானும் மரையும் சட்டப்படி குற்றம். காட்டுப்பன்றி வந்தாலும் அதை அரைவேக்காடாகச் சாப்பிட முடியாது, உள்ளே புழு இருக்கலாம். சிவப்பே இல்லாமல் வேக வேண்டும், அதற்குத் தணலைவிடக் கறிச்சட்டி நல்லது. சைவச் சாப்பாட்டுக்காரருக்கு சோளமும் கத்தரிக்காயும், தனிக் கம்பித்தட்டு.

திடீரென்று மழை தூறினால் பரலைத் தாழ்வாரத்துக்குள்ளோ தகரக் கொட்டகைக்குள்ளோ தள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஓகஸ்டில் அது குறைவு, ஆனால் உங்கள் தம்பி மார்கழியில் வந்து இதே பரலைப் பாவிப்பார், அப்போது இதுதான் நடக்கும். புகை இல்லாத தணல் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் கரி எரியும் நேரமெல்லாம் காபனோரொட்சைட்டு வந்துகொண்டே இருக்கிறது, மணமும் நிறமும் இல்லை. தலை சுற்றும், நித்திரை வரும், அறைக்குள் படுத்தவர் எழும்ப மாட்டார். குளிருக்கு என்று தணல் சட்டியை அறைக்குள் வைப்பதும் அதே கதைதான்.

இனி நூர்ந்த பிறகு. இதை நான் முல்லைத்தீவுக் கடற்கரையில் படித்தேன். சித்திரை வருஷத்துக்கு அடுத்த நாள், ஒரு குடும்பத்துக்குச் சுட்டுக் கொடுத்தோம். முடிந்ததும் உதவிக்கு வந்த பெடியன் தணலை மணலில் கொட்டி, மேலே காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டான். பார்க்க ஒன்றும் தெரியவில்லை, நானும் சரி என்றுதான் நினைத்தேன். ஒரு மணித்தியாலம் கழித்து அந்த வீட்டுச் சின்னப் பிள்ளை, நாலு வயது, பட்டத்துக்குப் பின்னால் ஓடி வந்து அதற்குள் காலை வைத்தது. மணல் தணலை அணைக்காது, பொத்தி வைக்கும், சூட்டைக் காக்கும். பிள்ளை ஓடவில்லை, அதுதான் கொடுமை, நின்ற இடத்திலேயே நின்று கத்தியது. இரண்டு கிழமை காலில் கட்டுப்போட்டிருந்ததாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து நான் மணலில் தணல் புதைக்கிறதில்லை. தண்ணீர் ஊற்றி, கம்பியால் கிளறி, திரும்பவும் ஊற்றி, புறங்கையை மேலே பிடித்துச் சூடு தெரியாத வரைக்கும் கிளறுவேன். அடுப்பில் இருக்கும்போது ஊற்றுவதென்றால் காற்றுப் பக்கம் நின்று, எட்டத்திலிருந்து, சின்னக் குவளையால். இல்லையென்றால் மூடிவிட்டு மறுநாள் வரைக்கும் தொடாமல் விடுங்கள். சாம்பலுக்குள் 24 மணித்தியாலத்துக்குப் பிறகும் உயிர்த்தணல் கிடக்கும். அதைக் கூட்டி வாழையடிக்கோ குப்பைக்கோ கொட்டிப் பத்திப் பிடித்த வீடு எனக்குத் தெரியும். மூடியுள்ள இரும்பு ரின்னில் போட்டு ஆற விடுங்கள்.

ஆருக்காவது சுட்டால், கிணற்றுத் தண்ணீர். ஐஸ் இல்லை, பற்பசை இல்லை, மஞ்சளும் முட்டையும் தேங்காயெண்ணெயும் இல்லை. 20 நிமிஷம் தண்ணீர் ஓட விடுங்கள், மணிக்கூடு பார்த்து 20, ஏனென்றால் ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். மோதிரம், காப்பு எல்லாவற்றையும் வீங்க முன்னர் கழற்றுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள், சுத்தமான பருத்தித் துணியால் மெல்ல மூடுங்கள். முகம், கை, மூட்டு, அல்லது காயப்பட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிய இடம் என்றால் ஆஸ்பத்திரி; அம்புலன்ஸுக்கு 1990, காசில்லை.

பராமரிப்புக்கு அம்மாவுக்கு இவ்வளவு சொன்னால் போதும். சுடமுன் கம்பித்தட்டைப் பத்து நிமிஷம் வெறுஞ்சூட்டில் வைத்தால் ஒட்டினதெல்லாம் கரியாகும், அப்போது தேய்த்தால் கெதியாக வரும். தேய்க்கப் பொச்சுமட்டை. கம்பித் தூரிகை பரலுக்குச் சரி, கம்பித்தட்டுக்கு வேண்டாம், அதன் மயிர்க்கம்பி ஒன்று கழன்று இறைச்சியில் ஒட்டித் தொண்டைக்குள் போனால் சத்திரசிகிச்சை வரைக்கும் போகும். பிறகு எண்ணெய் தோய்த்த துணியைக் குறட்டில் பிடித்து ஒரு தடவு. அரை வெங்காயத்தை முள்ளில் குத்தித் தேய்த்தாலும் நல்லது. முடிந்த பிறகும் அதே மாதிரி எண்ணெய் தடவித்தான் எடுத்து வைக்க வேண்டும், அதுதான் துருவுக்கு மருந்து. சாம்பலைப் பரலுக்குள் விட்டு வைப்பதுதான் பரலைக் கொல்வது; ஐப்பசி மழையில் சாம்பல் ஈரத்தை இழுத்துக் காரமாகி இரும்பை அரிக்கும், ஒரு மாரி போதும் அடி ஓட்டையாக. சாம்பலை அள்ளி, கழுவி, வெயிலில் காயவிட்டு, கவிழ்த்து, தாழ்வாரத்தில் வையுங்கள். பொலித்தீனால் இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும். அடுத்தமுறை நிமிர்த்தும்போது முதலில் தடியால் தட்டுங்கள், உள்ளே தேள், பாம்பு, எலி என்று யாராவது குடியிருப்பார்கள்.

காஸ் கிறிலை ஏன் அனுப்ப வேண்டாம் என்றேன் என்றால், அங்கத்தைய ரெகுலேற்றர் இங்கத்தைய சிலிண்டர் வாயில் பொருந்தாது. அது புரொப்பேனுக்குச் செய்தது, இங்கே 12.5 கிலோ சிலிண்டரில் வருவது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. எங்கேயாவது ஒரு கடையில் இணைப்புத் துண்டு செய்து மாட்டித் தருகிறேன் என்பார்கள், என்னிடமும் கேட்பார்கள், நான் செய்வதில்லை. 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்புகள் வெடித்ததற்கு அந்தக் கலவை மாறினதுதான் காரணம் என்று விசாரித்த குழு சொன்னதை மறந்திருக்க மாட்டீர்கள். காஸ்தான் வேண்டுமென்றால் இங்கே, இந்தச் சிலிண்டருக்கென்று விற்கிறதை வாங்குங்கள். சவர்க்கார நுரையை மூட்டுகளில் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், மூடியைத் திறந்து வைத்துத்தான் பற்ற வையுங்கள், பற்றவில்லையென்றால் எல்லாம் பூட்டி ஐந்து நிமிஷம் விடுங்கள். அந்த வாயு காற்றைவிடப் பாரம், மேலே போகாது, அடுப்புக்குள்ளும் பள்ளத்திலும் தேங்கும். மாதக்கணக்காகச் சும்மா நின்ற அடுப்பென்றால் பேணர்க் குழாயைக் கழற்றிப் பாருங்கள். மண் குளவி அதற்குள் கூடு வைக்கும், சிலந்தி வலை கட்டும், வாயு போக வழியில்லாமல் பின்பக்கமாகப் பற்றும். சுவாலை நீலமில்லாமல் மஞ்சளாக எரிந்தால் அதுதான். குழாயை எலி கடித்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

பரல் வேண்டுமென்றால் வர இரண்டு கிழமைக்கு முன்னர் இங்கே ஆரிடமாவது சொல்லிவிடுங்கள், நல்ல எண்ணெய்ப் பரல் தேடி எடுக்க நேரம் வேண்டும். அம்மாவின் இடுப்பு உயரத்துக்குக் கால் அடிக்கச் சொல்லுங்கள், உங்கள் உயரத்துக்கு வேண்டாம். அடியில் நாலு துளையும் போடச் சொல்லுங்கள், காற்றுக்கும் தண்ணீர் வடியவும். போன வருஷம் சுவிஸிலிருந்து வந்த குடும்பம் ஒன்றுக்கு அடித்துக் கொடுத்த பரலை இந்த வருஷம் திருத்தக் கூப்பிட்டார்கள் என்று போனேன், அதற்குள் மண் நிரப்பிக் கறிவேப்பிலை வைத்திருந்தா அந்த அம்மா. திருத்த வேண்டியது பரல் இல்லை, படலை. கறிவேப்பிலை நல்லாக வந்திருந்தது.